முக்கொம்பனின் அழகான கொம்பு

“ரெண்டு கொம்புலயும் ஒரே எடத்துல எப்படிம்மா அடிபட்டுச்சு?”

ஒரு குழந்தை ஒரு நாள் இப்படிக் கேட்டது. கேட்ட இடம் அருங்காட்சியகத்தின் நடுக்கூடம். எதிரே, ஊரெல்லாம் முக்கொம்பன் என்று செல்லமாக அழைக்கிற டைனோசரின் மண்டை ஓடு. அம்மாக்காரி “பேசாம வா” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கம் வந்த இயக்குநர், “கயித்தைத் தாண்டிக் குழந்தையைத் தூக்கிக் காட்டினது யாரு?” என்று காவலாளியின் மேல் பாய்ந்தார். கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தைகள் கேட்டால் பெரியவர்கள் குழந்தையைத் திருத்துவார்கள். கேள்வியை அப்படியே விட்டுவிடுவார்கள்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் அந்த இரண்டு கொம்புகளில் ஒன்று காணாமல் போனது. காவலாளியைப் போலீஸ் பிடித்தது.

“அண்ணி, இந்தக் கேஸ் நமக்கு வேண்டாம்,” என்றான் ரேடியோ, அருங்காட்சியகத்துப் படிகளில் மூச்சு வாங்கியபடி. “காலையில ஒரு பொண்ணு வந்து அழுதா. அழுதா அவ அப்பன் திருடலைன்னு ஆயிடுமா? எல்லாத் திருடனுக்கும் வீட்ல ஒரு பொண்ணு இருக்கும். அதுவும் நல்லா அழுவுற பொண்ணாத்தான் இருக்கும்.”

“நீ அவ கண்ணைப் பார்த்தியா?”

“நான் அவ செருப்பைப் பார்த்தேன். ஃபீஸ் வராதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

ரேடியோவுக்கு நாற்பது வயது. ஒருமுறை திருகிவிட்டால் நிறுத்த முடியாத வாய் என்பதால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். அவனைப் பெற்றவர்களே பிறகு அதற்கு மாறிவிட்டார்கள். அவனுடைய அண்ணன் நடத்திவந்த துப்பறியும் நிலையத்தை, அண்ணன் காலமான பின் அண்ணிதான் நடத்துகிறார். வாசல் தாண்டுமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்கிற பெண்மணி. என்ன வேண்டிக்கொள்கிறார் என்று ரேடியோ கேட்டதுண்டு. “இன்னிக்கு யாரையும் தப்பா நினைச்சிடக் கூடாதுன்னு” என்றார். துப்பறியும் தொழிலுக்கு இதைவிடக் கெட்ட வேண்டுதல் கிடையாது என்பது ரேடியோவின் கருத்து.

சாயங்காலம் காவலாளியைக் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். அதற்குப் பிறகு அவர் உள்ளே போய்விடுவார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அதனால் சாயங்காலத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

நடுக்கூடத்தில் இயக்குநர் அவர்களை வரவேற்றார். விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களை நகைக்கடைக்காரர் வரவேற்பதைப் போல.

“நீங்கதான் அந்தத் துப்பறியற அம்மாவா? பரவாயில்லை, பாருங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க.”

மண்டை ஓடு ஒரு சின்னக் காரின் அளவுக்கு இருந்தது. பின்பக்கம் விரித்த விசிறியைப் போல அகலமான எலும்பு. மூக்கின் மேல் குட்டையாக ஒரு கொம்பு. கண்ணுக்கு மேலே நீளமாக, வழவழவென்று, ஒரே நிறத்தில் ஓர் அழகான கொம்பு. அதற்கு ஜோடி இருந்த இடத்தில் ஓர் இரும்புக் கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

“உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன்,” என்றார் இயக்குநர். புரியாது என்று முடிவு செய்துவிட்ட குரல். “இது டிரைசெரடாப்ஸ். யானையை விடப் பெரிசு. டைனோசர் காலத்தோட கடைசியில, ஏறக்குறைய ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்தி வாழ்ந்தது. தலை மட்டுமே ரெண்டரை மீட்டர். எதிரியைக் குத்திக் கிழிக்கத்தான் இந்தக் கொம்பு. இவ்வளவு சுத்தமான அசல் ஜோடி உலகத்துல வேற எங்கயும் கிடையாது. நான்தான் முதல்ல அதைச் சொன்னேன்.”

“என்ன சாப்பிடும் சார்?” என்றான் ரேடியோ.

“செடி, கொடி.”

“இவ்வளவு ஆயுதத்தை வெச்சுக்கிட்டுத் தழையா? அப்ப நம்ம இன்ஸ்பெக்டர் மாதிரி.”

தூணில் சாய்ந்தபடி வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், மெல்லுவதை நிறுத்திவிட்டு ரேடியோவை முறைத்தார்.

“இந்தக் கொம்புகளை நீங்க தொட்டுப் பார்த்திருக்கீங்களா?” என்று அண்ணி கேட்டார்.

“தொடறதா? துடைக்க, தூக்க, மாட்ட எல்லாம் ஆள் இருக்கும்மா. பன்னண்டு வருஷமா நான் இங்க தலை. கை இல்லை.”

“மொதல்ல மாட்டினது யாரு?”

“ஒரு சிற்பி. செத்துப்போயிட்டான். பேரெல்லாம் யாருக்கு ஞாபகம்?” இயக்குநர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் எதையும் தொட்டிருக்கவில்லை. “வெளியூர்லேர்ந்து ஒரு ஆராய்ச்சியாளர் வர்றாங்க. ரெண்டு கொம்புலயும் கொஞ்சம் வெட்டி எடுத்து, வயசு பார்க்கணும்னு கேட்டிருந்தாங்க. இப்ப ஒண்ணுதான் இருக்கு. எவ்வளவு அவமானம் பாருங்க. எல்லாம் அந்தப் படிக்காத ஜன்மத்தால. சைக்கிள்ல மூட்டை கட்டிக்கிட்டுப் போனதை கேட் ஆளே பார்த்திருக்கான்.”

விசாரணைக்காகப் போலீஸ் அங்கேயே கூட்டி வந்திருந்த அந்தப் படிக்காத ஜன்மம் நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் விலங்கு, இரண்டு நாள் தாடி, பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். ரேடியோ அவருக்கு எதிரே போய் நின்றான்.

“என்னய்யா, கொம்புத் திருடா! மூட்டையில என்ன இருந்துச்சு? அதையாவது நம்பற மாதிரி ஒரு பொய்யாச் சொல்லு.”

“பாயும் தலகாணியும் தம்பி. வீட்ல அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. ராத்திரி வராந்தாவுல படுத்துக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன்.”

“நல்ல பொய். கொம்பையும் பாயில சுத்தலாம். என்ன அண்ணி?”

அண்ணி பக்கம் திரும்பும்போதே ரேடியோவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரை வியாதிக்காரன், காலையில் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டானே தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

காவலாளி அவனை ஒரு பார்வை பார்த்தார். விலங்கு மாட்டிய கைகளால் தட்டுத் தடுமாறிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். காலையில் மகள் கொண்டுவந்து கொடுத்தது. போலீஸ்காரர் சாப்பிட விடாததால் பிரிக்காமலே இருந்தது.

“மென்னு தின்னுங்க தம்பி. எங்க வீட்லயும் இதே வியாதிதான். ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்.”

ரேடியோ தின்றான். இரண்டு நிமிஷத்தில் சரியானது. நன்றி என்று ஒரு சொல் அவனுக்குத் தெரியும். ஆனால் இப்போதுதான் திருடா என்று கூப்பிட்ட வாயில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. காலிப் பொட்டலத்தைப் பார்த்தபடி நின்றான்.

அண்ணி பெஞ்சில் காவலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஐயா, கொம்பு காணாமப் போன அன்னிக்கு நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?”

“சீக்கிரமே போயிட்டேம்மா. இயக்குநர் ஐயாதான் கூப்பிட்டு, வீட்டுக்காரம்மாவைப் போய்ப் பாருய்யா, நான் பூட்டிக்கறேன்னு சொன்னாரு. அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. நல்ல மனுஷன்.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது அப்படி அனுப்பியிருக்காரா?”

காவலாளி யோசித்தார். “இல்லைம்மா. அதுதான் மொத தடவை.”

“சரி. அந்தக் கொம்பைப் பத்தி யாராவது, எப்பவாவது, வித்தியாசமா ஏதாவது சொன்னாங்களா? யாரா இருந்தாலும் சரி.”

அப்போதுதான் காவலாளி குழந்தையின் கேள்வியைச் சொன்னார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எக்கி எக்கிப் பார்த்த குழந்தையைத் தூக்கிக் காட்டியது, திட்டு வாங்கியது எல்லாவற்றையும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரைப் போலச் சொன்னார்.

அண்ணி எழுந்தார். “தம்பி, டிக்கெட் கவுன்டர்ல முக்கொம்பன் படம் போட்ட அட்டை விக்குது. பெரிசா ஒண்ணு வாங்கிட்டு வா.”

“குழந்தை கேட்டதுக்காக இவ்வளவு தூரமா?”

“பெரியவங்க சொன்னதையெல்லாம் கேட்டுட்டுத்தானே ஒருத்தரை விலங்கு போட்டு உக்கார வெச்சிருக்கோம்?”

படம் பளிச்சென்று இருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாதது, அட்டையில் தெரிந்தது. இரண்டு கொம்புகளிலும் வெளிப்பக்கமாக, நுனிக்கு ஒரு முழம் கீழே, நகக்கீறல் பிறை போல ஒரு பள்ளம். ஒரே உயரம், ஒரே வளைவு. ஒரு கொம்பு மட்டும் விரிசலும் ஒட்டுமாக, இரண்டு மூன்று நிறத்தில் அழுது வடிந்தது. இன்னொன்று மணமகனைப் போல மினுமினுத்தது.

“சண்டை போட்ட எதிரி ரொம்ப ஒழுங்கானவன் போல,” என்றான் ரேடியோ. “அளவு நாடா வெச்சுக் கடிச்சிருக்கான்.”

ஆராய்ச்சியாளர் சொன்னதைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். நரைத்த குட்டை முடி வைத்த பெண்மணி. முழங்கால் தேய்ந்த கால்சட்டை. கையில் கருவிப் பெட்டி. இயக்குநர் தம் அறையில் டை கட்டிக்கொண்டிருந்ததால், முதலில் அண்ணியிடம்தான் அகப்பட்டார்.

“கொம்பு எதிரியைக் குத்திக் கிழிக்கத்தானா?” என்று அண்ணி ஆரம்பித்தார்.

“இருக்கலாம். உறுதியாத் தெரியாதுங்க. பின்னாடி இருக்கிற விசிறி எலும்புல ஆறின காயத் தழும்பு நிறையப் பார்த்திருக்கோம். அதனால ஒண்ணோட ஒண்ணு கொம்பு கோத்துச் சண்டை போட்டிருக்கும்னு நினைக்கறோம். ஜோடியைக் கவர்றதுக்காகவும் இருக்கலாம்.”

“இந்தக் கொம்பு உசிரோட இருந்தப்பவும் இதே அளவா?” இது ரேடியோ.

“இன்னும் நீளமா இருந்திருக்கும். இது உள்ள இருக்கிற எலும்பு. மேல நம்ம நகம் மாதிரி ஒரு உறை மூடியிருக்கும், அது மக்கிப்போச்சு. எவ்வளவு நீளம்னு கேட்டா, தெரியாது. குட்டியில கொம்பு பின்பக்கமா வளைஞ்சிருக்கும், வளர வளர முன்பக்கமாத் திரும்பும். இது தெரியும். என்ன நிறம்னு கேட்டா, அதுவும் தெரியாது.” தெரியாது என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் பண்டம் கிடைத்த குழந்தையைப் போல மலர்ந்தது.

ரேடியோ அண்ணியின் காதில் முணுமுணுத்தான். “எல்லாம் தெரிஞ்ச மனுஷன்கிட்ட ஒரு விஷயமும் தேறலை. தெரியாதுங்கிற அம்மாகிட்ட வண்டி வண்டியாக் கிடைக்குது.”

அண்ணி அட்டையை நீட்டினார். ஆராய்ச்சியாளர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“ஒரே மிருகத்தோட ரெண்டு கொம்புல, ஒரே எடத்துல, ஒரே காயமா? நடக்காதுங்க. இதுல ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணைச் செஞ்சிருக்காங்க. அது தப்பு இல்லை. பாதி எலும்புதான் எங்களுக்குக் கிடைக்கும்; மீதியைப் பிளாஸ்டர்ல செஞ்சு மாட்டறது எல்லா அருங்காட்சியகத்துலயும் உண்டு. இது அசல், இது செஞ்சதுன்னு கீழ ஒரு வரி எழுதி வெச்சுடுவோம். அவ்வளவுதான்.”

“இங்க அந்த வரி இல்லை,” என்றார் அண்ணி. “அசல் கொம்பை ஒரு ஆள் சைக்கிள்ல கொண்டுபோக முடியுமா?”

“கல்லுங்க அது! கேரியர் ஒடிஞ்சுபோகும். அது ஒடியலைன்னா கொம்பு ஒடியும்.”

அண்ணி கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தார். மண்டை ஓட்டின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதைப் போல. பிறகு எக்கி, மிச்சமிருந்த கொம்பின் மேல் வைத்தார். வெளியே வந்து ஆராய்ச்சியாளரின் காதில் ஏதோ சொன்னார். ஆராய்ச்சியாளரும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெட்டியைத் திறந்து ஒரு சின்ன ரம்பத்தை எடுத்தார்.

“என்ன அண்ணி?”

“கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கணும்.”

“அது என்னால…”

“முயற்சி பண்ணு.”

டை கட்டிய இயக்குநர் வந்தார். இன்ஸ்பெக்டர் வந்தார். காவலாளியையும் அழைத்து வந்து ஓரமாக நிற்க வைத்தார்கள். ஏணி மேல் ஏறிய ஆராய்ச்சியாளர், “இருக்கிற கொம்புல கொஞ்சம் வெட்டிக்கட்டுமா? உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?” என்று கேட்டார்.

“தாராளமா!” இயக்குநரின் குரல் கூடத்தின் கூரை வரை போனது. “நல்ல வேளை, திருடன் இதையாவது விட்டு வெச்சான். பாருங்க அந்த வழவழப்பை. அசல்னா அசல்தான்.”

ரம்பம் இரண்டு இழுப்பு இழுத்தது. வெள்ளை வெளேரென்று பொடி உதிர்ந்தது. சுவரில் சுண்ணாம்பு சுரண்டினால் உதிருமே, அதே பொடி. இயக்குநரின் பளபளக்கும் பூட்ஸ் மேல் அது மெத்தென்று படிந்தது.

“பிளாஸ்டர்,” என்றார் ஆராய்ச்சியாளர், மேலிருந்து.

இன்ஸ்பெக்டருக்கு வெள்ளரிக்காய் புரையேறியது. “அப்படின்னா திருடு போனது அசலா? இன்னும் மோசமாச்சே! யோவ் காவலாளி…”

எல்லாரும் காவலாளியைப் பார்த்தார்கள், அண்ணியைத் தவிர. அவர் இயக்குநரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநரோ யாரையும் பார்க்கவில்லை. கூடத்தின் பின்வாசலைப் பார்த்தார். அந்தப் பக்கம், கட்டட வேலையில் இடித்துக் குவித்திருந்த இடிசலை ஏற்றிக்கொண்ட லாரி ஒன்று உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

“ஒரு… ஒரு போன் பண்ணணும்,” என்றார் இயக்குநர். அடுத்த நொடி ஓட்டமெடுத்தார்.

“பின்னாடியே போங்க!” என்றார் அண்ணி.

ரேடியோ வாழ்நாளில் எத்தனையோ ஓட்டங்களைப் பார்த்திருக்கிறான். கோட்டும் டையும் போட்ட ஒரு மனிதர், ‘நிறுத்து, நிறுத்து’ என்று கதறிக்கொண்டு குப்பை லாரிக்குப் பின்னால் ஓடியதை அன்றுதான் பார்த்தான். லாரி நின்றது. பன்னிரண்டு வருஷமாகக் கையே இல்லாமலிருந்தவர் இரண்டு கைகளாலும் செங்கல்லை வாரி வீசினார். பலகையை இழுத்துப் போட்டார். சாக்குத் துணியில் சுற்றிய ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன் மேலேயே விழுந்தார். துணி விலகியது. விரிசலும் ஒட்டுமாக, மூன்று நிறத்தில், அந்த அவலட்சணமான கொம்பு வெயிலில் கிடந்தது.

“கொம்பு எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று இன்ஸ்பெக்டர் அண்ணியிடம் கேட்டார்.

“தெரியாதுங்க. தெரிஞ்சவர் ஓடுவார்னு மட்டும் தெரியும்.” அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு செஞ்ச கொம்புன்னு இவருக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். ரெண்டும் அசல்னு ஊருக்குச் சொல்லிப் பேர் வாங்கிட்டார். இப்ப ரெண்டையும் வெட்டிப் பார்க்க ஆள் வருது. அதுக்குள்ள செஞ்ச கொம்பு காணாமப் போயிட்டா, மானம் தப்பிச்சுது. காவலாளியை வீட்டுக்கு அனுப்பிட்டுத் தள்ளுவண்டியில எடுத்துட்டு வந்து இடிசல்ல புதைச்சுட்டார்.”

“அப்ப ஏன் அசலை எடுத்தார்?”

“எது அசல்னு அவருக்குத் தெரியாது. தொட்டா, கல்லு சில்லுன்னு இருக்கும், பிளாஸ்டர் இருக்காது. அவர்தான் அன்னிக்கு வரைக்கும் தொட்டதே இல்லையே, அன்னிக்கும் ஒண்ணைத்தான் தொட்டார். செஞ்ச ஆளையும் ஒரு வார்த்தை கேட்டுவெச்சுக்கலை. அதனால கண்ணால பார்த்து முடிவு பண்ணினார். அழகா இருக்கறது அசல், அசிங்கமா இருக்கறது போலி.” அண்ணி காவலாளியைத் திரும்பிப் பார்த்தார். “மனுஷங்களையும் அப்படித்தான் பார்க்கிறார்.”

ஆராய்ச்சியாளர் லாரியில் ஏறி, கொம்பைத் துடைத்து, தடவித் தடவிப் பார்த்தார். நுனியில் சின்னச் சிதைவு, மற்றபடி பத்திரம். “ஆறரைக் கோடி வருஷம் தாங்கிடுச்சு. ஒரு இயக்குநரையும் தாங்கிடுச்சு,” என்றார்.

கோட்டெல்லாம் புழுதியாக நின்ற இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். தப்பைச் சுமத்த ஒரு ஆள் தேடினார். பழக்கப்பட்ட ஆளே கண்ணில் பட்டார்.

“எல்லாம் உன்னாலதான்யா! காவல் காக்கறவன்தானே நீ? நான் எடுக்கும்போது எங்கய்யா போயிருந்தே?”

“நீங்கதானே ஐயா போகச் சொன்னீங்க,” என்றார் காவலாளி. கேலி இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

ரேடியோவுக்கு அந்த நிமிஷத்தில் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி அவனை வியப்போடு திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் காவலாளியின் கையிலிருந்து விலங்கைக் கழற்றி இயக்குநரின் கையில் மாட்டினார். மன்னிப்பு என்று ஒன்று கேட்கும் வழக்கம் அவர் இலாகாவில் இல்லை போலும். “சரி, போய் வேலையைப் பாரு,” என்றார் காவலாளியிடம். காவலாளியும் அப்படியே செய்தார். லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் மனைவியைப் பார்க்கப் போக முடியும்.

பொழுது சாயும் நேரத்தில், அண்ணியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தான் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னான் ரேடியோ. திரும்பி வந்து கூடத்தை எட்டிப் பார்த்தான்.

பார்வையாளர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். முக்கொம்பனுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காவலாளி தூங்கிப்போயிருந்தார். இரண்டு நாள் ஸ்டேஷனில் கண் மூடாத மனிதர். தலை மார்பில் தொங்கியது, சாவிக்கொத்து மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: பணி நேரத்தில் உறங்குவோர் உடனே நீக்கப்படுவர். ஜன்னல்கள் அத்தனையும் திறந்து கிடந்தன. விளக்குகள் எல்லாம் எரிந்தன.

ரேடியோ செருப்பைக் கழற்றிப் பக்கவாட்டுக் கதவோரம் வைத்தான். சாவிக்கொத்தைக் குலுங்காமல் எடுத்துக்கொண்டான். அறை அறையாகப் போய் ஜன்னல்களைச் சாத்தினான். எட்டாததற்கு நாற்காலி போட்டு ஏறினான். பின்வாசலுக்குச் சங்கிலி மாட்டிப் பூட்டி, இழுத்துப் பார்த்தான். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான். முடித்துவிட்டு வந்து சாவியை மடியில் வைத்தான். எதிர்ச்சுவரோரம் தரையில் உட்கார்ந்து காவல் இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே சரளைக் கல்லில் அடுத்த ஆளின் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ரேடியோ எழுந்து, பக்கத்திலிருந்த ஜன்னல் கொக்கியை ஒருமுறை படாரென்று தட்டினான்.

காவலாளி திடுக்கிட்டு எழுந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார். சாத்திய ஜன்னல்களையும் அணைந்த விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தபடி, சாவிக்கொத்தோடு வாசலை நோக்கி நடந்தார்.

அதற்குள் ரேடியோ தூணுக்குப் பின்னால் நழுவி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகத் தெருவில் இறங்கியிருந்தான்.